மனப்பால் குடித்த பையன்

பையனுக்கு வயது 17. பட்டுப்போன கிளைகளை வெட்டுவதற்காக ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு செர்ரி மரத்தில் ஏறினான். ஊர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர். நாள், 1899 அக்டோபர் 19. ஏறியவன் வந்த வேலையை மறந்துவிட்டு எதிரே இருந்த வயல்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற எந்திரம் ஒன்று, அதோ அந்தப் புல்வெளியிலிருந்து சுழன்று சுழன்று கிளம்பினால் எப்படி இருக்கும்? செவ்வாயிலிருந்து ஆட்கள் படையெடுத்து வரும் எச். ஜி. வெல்ஸின் கதையைப் படித்த மயக்கம் அவனுக்கு இன்னும் தெளியவில்லை.

நம் பாட்டி யாராவது கீழே நின்றிருந்தால், "என்னடா, மரத்துமேல உக்காந்து மனப்பால் குடிக்கிறே? கிளைய வெட்டிட்டு இறங்கு" என்று அதட்டியிருப்பார்.

மனப்பால் என்ற சொல்லை உண்டாக்கியவர் யாரோ, மனசை நன்றாகக் கவனித்தவர். மாவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் நீங்கள் முதலாவதாக வருவதாகக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். கைதட்டல், கழுத்தில் பதக்கம், மறுநாள் பிரேயரில் மைக்கில் உங்கள் பெயர். இனிக்கிறது, இல்லையா? சிக்கலே அந்த இனிப்பில்தான். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். அவரும் ஹீதர் கேப்பஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எல்லாம் நினைத்தபடியே நடந்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்களுக்கு, மற்றவர்களைவிட இரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. ஒரு வேலையில் இறங்கப்போகிறோம் என்றால் உடம்பு முறுக்கேறும், இரத்த அழுத்தமும் சற்று ஏறும். இவர்களுக்கோ பால் குடித்த குழந்தை மாதிரி உடம்பு அசந்துவிட்டது!

அதற்காகக் கனவே காணாதே என்கிறாரா ஓட்டிங்கன்? இல்லை. கனவு கண்ட சூட்டோடு, 'எது குறுக்கே நிற்கிறது?' என்று தேடச் சொல்கிறார். 400 மீட்டர் பதக்கத்துக்குக் குறுக்கே நிற்பது பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேகக்காரி அல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைபேசியோடு சாய்கிறீர்களே, அந்தக் கட்டில்!

மரத்து மேல் இருந்தவனிடம் திரும்புவோம். அவன் பெயர் ராபர்ட் கோடார்ட். கீழே இறங்கியபோது தான் வேறு பையனாகிவிட்டதாக அவனுக்குத் தோன்றியதாம். அப்படித் தோன்றுவது பெரிய விஷயமில்லை, நமக்கும் வாரத்துக்கு ஒருமுறை தோன்றுகிறது. அவன் அடுத்துச் செய்ததுதான் விஷயம். சுழலும் எடைகளை வைத்து எந்திரத்தை மேலே தூக்கிவிடலாம் என்பது மரத்தில் உதித்த யோசனை. அதை மரக்கட்டையில் சின்னச் சின்ன மாதிரிகளாகச் செய்து பார்த்தான். ஒன்றுகூட எழும்பவில்லை. நியூட்டன் சொன்ன விதியில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று அப்புறம்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது! கனவு தப்பு என்று மரக்கட்டை சொல்லிக்கொடுத்தது. அவன் கிளையிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த எந்திரம் இன்றுவரை ஜோராகப் பறந்துகொண்டிருக்கும்.

எதைத் தள்ளினாலும் அதுவும் அதே விசையோடு திருப்பித் தள்ளும் என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைப் பார்க்க ஒரு பலூன் போதும். ஊதி, வாயைக் கட்டாமல் விடுங்கள். காற்று பின்னால் பீறிட, பலூன் முன்னால் பாயும். பின்னால் பாயும் காற்றே பலூனை முன்னால் தள்ளுகிறது. வெளியே இருக்கும் காற்றின்மேல் உதைத்துக்கொண்டு அது ஓடுவதில்லை. அப்படியானால் காற்றே இல்லாத விண்வெளியிலும் ராக்கெட் பாயுமா? பாயும் என்று சொல்லிவிட்டு கோடார்ட் சும்மா இருக்கவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் ராக்கெட்டை வெடிக்கவைத்து, உந்துவிசையை அளந்தே காட்டினார். அப்படியும் 1920இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், பள்ளிக்கூடப் பாடம்கூட இவருக்குத் தெரியவில்லை என்று கேலி செய்தது. அது தன் தவற்றை ஒப்புக்கொண்டது 1969 ஜூலை 17 அன்று. நிலாவுக்குப் போகும் அப்பல்லோ 11 கிளம்பி ஒரு நாள் ஆகியிருந்தது.

எது குறுக்கே நிற்கிறது என்று தெரிந்தாலும் நம் கால் எழும்பாது, அது வேறு கதை. அதற்கு ஓட்டிங்கனின் கணவர் பீட்டர் கோல்விட்சர் செய்த சோதனையைக் கேளுங்கள், அவரும் உளவியலாளர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டே நாளில் எழுதி அனுப்ப வேண்டும். விடுமுறையில் இருக்கும் மாணவர்களுக்கு இப்படி ஒரு வேலை! அவர்களில் ஒரு பாதியினரிடம் மட்டும், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னார். அப்படி முடிவு செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொன்ன நேரத்துக்குள் எழுதினார்கள். மற்றவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான். 'நாளையிலிருந்து ஓடுவேன்' என்பதற்குப் பதில், 'பள்ளிப் பையை ஆணியில் மாட்டியதும் ஷூவை மாட்டுவேன்' என்று சொல்லிப் பாருங்கள். பையை எப்படியும் மாட்டித்தானே ஆக வேண்டும்?

கோடார்டின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் 1926 மார்ச் 16 அன்று, ஆபர்ன் என்ற ஊரில் அவருடைய உறவினர் பண்ணையிலிருந்து கிளம்பியது. எரிபொருள் பெட்ரோல், அதை எரியவைக்கத் திரவ ஆக்சிஜன். ஆக்சிஜன் திரவமாக நிற்க மைனஸ் 183 டிகிரிக் குளிர் வேண்டும். அதை அடக்கிவைக்கவே எவ்வளவு பாடு! ராக்கெட் பறந்தது இரண்டரை விநாடி. ஏறிய உயரம் 12 மீட்டர் சொச்சம், ஒரு தென்னை மரத்தைவிட அதிகமில்லை. படம் பிடிக்க நின்ற அவர் மனைவி எஸ்தரின் கேமராவுக்குக் கொடுத்திருந்த சாவி தீர்ந்துபோய்விட்டதால், ராக்கெட் பறந்த காட்சி பதிவாகவே இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 19 அன்று கோடார்ட் அந்தச் செர்ரி மரத்தை நினைத்துக்கொள்வார், ஊரில் இருந்தால் போய்ப் பார்த்தும் வருவார். மீதி 364 நாளும் வெடிக்கும் குழாய்களோடும் உறைந்துபோகும் வால்வுகளோடும் மல்லுக்கட்டு. 1938இல் அடித்த பெரும்புயலில் மரம் சாய்ந்துவிட்டது. சேதி வந்தபோது அவர் வெகுதூரத்தில், நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் ராக்கெட் வேலையில் இருந்தார். மரம் விழுந்துவிட்டது, இனித் தனியாகத்தான் தொடர வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.