வால்வு தேய்ந்ததை அறிவது எவ்வாறு?

தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்து, இன்று சிறிய மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் வரிசையில் வண்டி ஊர்ந்து செல்கையில், வீட்டில் ஓர் உதைக்கே கிளம்பிய இயந்திரம் சூடேறியதும் அணைந்துவிடுகிறது. எத்தனை முறை உதைத்தாலும் உயிர்பெறுவதில்லை. ஆறிய பின்னரோ, ஒன்றும் நிகழாதது போல ஓடுகிறது. அன்றைய சம்பளத்துக்கு இழுக்கு நேர்வதோடு, "பிஸ்டன் போய்விட்டது" என்ற சொல்லைக் கேட்டுப் பெருந்தொகையும் செலவாகிறது. குற்றம் வால்வினுடையதாக இருத்தல் கூடும்.

நான்கு வீச்சு இயந்திரத்தில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வும், புகை வெளியேற மற்றொரு வால்வும் உள்ளன. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். புகை வால்வு தன் இருக்கையில் அழுந்தி அமரும் அந்தச் சிறு பொழுதிலேதான் தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இறக்கி வைக்கிறது. நன்றாக அமராத வால்வு, ஆற வழியின்றி விளிம்பு கருகிப்போகும்.

இங்கே பலர் ஏமாறுவதுண்டு. இயந்திரத்தின் தலைப்பகுதியில் 'டிக் டிக்' என்ற ஓசை எழுந்தால் அஞ்சுகிறோம். ஓசை அடங்கினால் மகிழ்கிறோம். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. ஓசை, இடைவெளி மிகுந்துள்ளதைக் காட்டும். அதனைத் திருத்துதல் எளிது. வால்வின் முகமும் இருக்கையும் தேயும்போதோ வால்வு மேலேறி, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஓசையும் அடங்கும். சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதும் மூடாது நிற்கும். பாலத்து வரிசையில் வண்டி நின்றதன் காரணம் அதுவாக இருக்கலாம்.

சூட்டில் மின்பொறி தவறினாலும் இவ்வாறே நேரும் என்பதால், முதலில் ஸ்பார்க் பிளக்கைச் சோதிக்க வேண்டும். பொறி நன்றாயிருந்தால், உதைக்கும்போது காலுக்குப் போதிய எதிர்ப்பு உள்ளதா எனக் கவனியுங்கள். எதிர்ப்புக் குறைந்திருந்தால், பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு, பிளக்கை மீண்டும் பூட்டி உதைத்துப் பாருங்கள். எதிர்ப்பு மிகுந்தால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். மிகாவிட்டால் வால்வையோ தலைப்பகுதி கேஸ்கட்டையோ ஐயுறலாம். பட்டறையில் காற்றுக் குழாய் இருப்பின் ஐயம் முற்றும் தெளியும். இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தினால், சீறும் ஒலி சைலன்சரில் கேட்பின் புகை வால்வும், கார்புரேட்டரில் கேட்பின் உள்வரும் வால்வும் குற்றமுடையவை. கயிறு இழுத்து இயக்கும் தண்ணீர்ப் பம்பு போன்ற இயந்திரங்கள் சிலவற்றில் அழுத்தத்தைத் தாமே குறைக்கும் அமைப்பு உண்டு. அவற்றின் எதிர்ப்பு இயல்பாகவே குறைவு. அதனை நோயென எண்ணலாகாது.

ஈயம் நீக்கிய பெட்ரோலே காரணம் என்று முதியோர் சிலர் கூறுவர். ஈயம் இருக்கையின்மேல் படிந்து தேய்வைத் தடுத்தது உண்மையே. சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் விற்பனை 1998இல் நின்றது. 2021இல் அல்ஜீரியாவும் கைவிட்டதுடன் உலகெங்கும் வாகனங்களுக்கு அதன் விற்பனை முடிவுற்றது. எனினும், இருக்கையை இரும்பிலேயே குடைந்த மிகப் பழைய இயந்திரங்களுக்கே அக்குறை பெரிதும் பொருந்தும். 1958இல் தோன்றிய ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த இன்றைய வண்டிகளில் கடினமான உலோக வளையம் இருக்கையாகப் பதிக்கப்பட்டுள்ளது. இவற்றைக் கெடுப்பவை தூசி, மிகுந்த சூடு, இடைவெளியைப் பாராமல் விடுதல் ஆகியனவே. சி70 வகை வண்டிக்கு அந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டர், இயந்திரம் நன்கு குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

தேக்காவுக்கு அருகிலுள்ள ஜாலான் புசார் வட்டாரம் பட்டறைகளுக்கும் இரும்புச் சாமான் கடைகளுக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், கழற்றிய வால்வைக் காட்டுமாறு கேளுங்கள். விளிம்பில் கருகலோ வெடிப்போ இருந்தால் புதியது தேவை. இல்லையெனில் அரைத்தாலே போதும். அரைத்துப் பொருத்திய பின் வால்வின் வழியில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். சில நிமிடம் பொறுத்து, மறுபுறம் ஈரம் கசியவில்லை என்பதைக் கண்ணாரக் கண்ட பின்னர் கூலியைக் கொடுக்கலாம்.