விளக்கு எரிந்தால் போதுமா?

வீட்டில் புதிதாக ஒரு மின்கம்பியை இழுத்து, சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறோம். விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. வேலை நன்றாக முடிந்தது என்று மனநிறைவோடு இருந்துவிடுகிறோம். நம் மக்களிடையே பரவலாகக் காணப்படும் இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழாயைத் தவறாகப் பொருத்தினால் தண்ணீர் ஒழுகும். கூரை வேலை சரியில்லையென்றால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். மின்சார வேலை அப்படிப்பட்டதன்று. தவறாகச் செய்த இணைப்பிலும் விளக்கு எரியும், சோறு வேகும், சலவை இயந்திரம் ஓடும். அந்தத் தவறு ஐந்து ஆண்டுகள் கூட வெளியே தெரியாமல் இருக்கலாம். தெரிய வரும் நாளில் யாராவது ஒருவர் தரையில் விழுந்து கிடப்பார், அல்லது வீடு எரிந்துகொண்டிருக்கும்.

ஜார்ஜ்டவுனில் பல ஆண்டுகள் வயரிங் தொழில் செய்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கடைவீடுகள், தாமான் வீடுகள், அடுக்குமாடிகள் எனப் பல இடங்களிலும் நான் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

பழைய வீடுகளின் நிலை

2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நம் நகரின் கடைவீடுகளில் பல, மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. மேல்மாடியில் பலகைத் தரை, மர உத்திரம், மரப் படிக்கட்டு. தீப்பிடித்தால் நெருப்புக்கு அங்கே பஞ்சமில்லை. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றிலுமாக நீங்கும் வரை இவ்வீடுகள் பலவற்றின் வாடகை மிகக் குறைவாகவே இருந்தது. அதனால் பழுது பார்ப்பதற்கு உரிமையாளர்கள் அதிகம் செலவு செய்யவில்லை. குடியிருந்தவர்களோ தேவைக்கேற்பப் பலகையால் அறை தடுத்து, ஒவ்வோர் அறைக்கும் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டார்கள். ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட பழைய கம்பியில் பின்னர் ஐஸ் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனம் என்று ஒவ்வொன்றாக ஏறின. ரப்பர் உறையிட்ட பழைய கம்பிகளில் அந்த உறை காய்ந்து, விரல் பட்டாலே உதிரும் நிலையில் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதிய வீடுகளில் குடியிருப்போர் இதைப் படித்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். முறையாக வயரிங் செய்யப்பட்ட புதிய வீட்டையும் ஒரு சனிக்கிழமை மதியத்தில் கெடுத்துவிட முடியும்.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் இதைத் தன்னார்வலர்களைக் கொண்டு சோதித்தார். மின்கம்பியைப் பிடித்த கையைத் தாமாகவே விடுவித்துக்கொள்ள முடியும் எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் என்றும், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்றும் கண்டார். அதற்கு மேல் போனால் தசைகள் இறுகிக் கை கம்பியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு 40 வாட் குண்டு விளக்கு எரிவதற்குச் சுமார் 170 மில்லி ஆம்பியர் வேண்டும். ஆக, ஒரு சிறிய விளக்கின் மின்சாரமே கையைப் பூட்டிவிடும் அளவைப் போலப் பத்து மடங்காக இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், உடலில் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இது தாராளமாகப் போதும்.

மூன்றாவது கம்பியை வெட்டுவது

நான் அதிகம் கண்ட தவறு இதுதான். சாதனத்தின் கம்பியில் மூன்று இழைகள் இருக்கும். பழுப்பு நிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இரண்டு இழைகளை இணைத்தாலே சாதனம் இயங்கிவிடுவதால், மூன்றாவது தேவையில்லை என்று பலர் வெட்டி விடுகிறார்கள். இரண்டு முள் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் செருகுவதற்காக, மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ விட்டு அழுத்துவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. அந்த மேல் துளையில் நீண்ட எர்த் முள் நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும்படி அந்த சாக்கெட்டை அமைத்திருக்கிறார்கள். குழந்தைகள் விரலையோ கம்பியையோ விடாமலிருக்கச் செய்த காவல் அது. அதைக் குச்சியால் திறந்து நாம் செருகும் பிளக் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து நின்று சூடேறும். அதனுள் பியூஸும் இருக்காது.

எர்த் கம்பியின் வேலை என்ன? சாதனத்தின் உள்ளே லைவ் கம்பி பழுதாகி உலோக உடலைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் நம் உடல் வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போக அது வழி செய்கிறது. அந்த வழியை வெட்டிவிட்டால், அடுத்து அதைத் தொடுபவரே வழியாகிவிடுவார்.

எர்த் இருந்தும் போதாது

இங்கே பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு செம்புத் தண்டை மண்ணில் அடித்து எர்த் கொடுக்கிறோம். அந்தத் தண்டின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பழுதான சாதனத்திலிருந்து மண்ணுக்குப் போகும் மின்சாரம் 23 ஆம்பியரைத் தாண்டாது. ஆனால் சாக்கெட்டுகளுக்கான பிரேக்கரோ 20 அல்லது 32 ஆம்பியர் அளவுடையது. ஆகவே அது விழாமலே இருக்கலாம். விழுந்தாலும் நெடுநேரம் ஆகலாம். அதுவரை சாதனத்தின் உடலில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

இந்தக் குறையை நிறைவு செய்வதுதான் ஆர்.சி.டி. என்னும் கருவி. லைவ் கம்பியில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனது முழுவதும் திரும்பவில்லையென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்கள் உள்ள இடங்களுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத ஆர்.சி.டி.யையும், குளியலறை போன்ற ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாததையும் கட்டாயமாக்கியுள்ளன.

இதை எழுதும்போது ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. அவ்வீட்டுச் சமையலறையில் ஐஸ் பெட்டியின் அருகே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். பெட்டியைத் திறக்க வருபவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் திறப்பார்கள். "வெறுங்காலோடு தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்கும் தம்பி, வேறொன்றுமில்லை" என்றார் அவ்வீட்டுப் பாட்டி. விசாரித்தபோது விவரம் தெரிந்தது. ஐஸ் பெட்டியின் எர்த் கம்பி வெட்டப்பட்டிருந்தது. கசிவு தொடங்கியதும், தரைவழி கசிந்த மின்சாரத்தால் ஆர்.சி.டி. அடிக்கடி விழுந்து அபாயத்தை அறிவித்திருக்கிறது. உறவினர் ஒருவர் வந்து ஆர்.சி.டி.யைச் சுற்றி நேராகக் கம்பி கொடுத்து அந்தத் தொல்லையைத் தீர்த்து வைத்திருக்கிறார்! அவ்வீட்டில் நடை பழகும் பேரக் குழந்தை ஒன்றும் இருந்தது. அக்குழந்தைக்குச் செருப்பின் அவசியம் எப்படித் தெரியும்? மூன்று முள் பிளக்கும் புதிய ஆர்.சி.டி.யும் மாற்றியதோடு அந்தச் செருப்புக்கு வேலையில்லாமல் போயிற்று.

அடிக்கடி விழும் ஆர்.சி.டி. கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது.

எர்த்தையும் நியூட்ரலையும் இணைப்பது

எர்த் கம்பி வராத பழைய அறைகளில் சிலர் சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலோடு சிறு கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பது போலவே காட்டும். ஆனால் எங்காவது நியூட்ரல் கம்பி தளர்ந்து விடுபட்டுவிட்டால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்தச் சிறு கம்பி வழியாகச் சாதனத்தின் உலோக உடலுக்கு வந்துவிடும். அப்போது பழுதே இல்லாத நல்ல சாதனமும் ஆளைக் கொல்லும்.

சுடுநீர்க் கருவி

3,600 வாட் சுடுநீர்க் கருவி சுமார் 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் செருக வேண்டிய பொருள் அன்று அது. மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தனிப் பிரேக்கர், 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. ஆகியவை அதற்கு வேண்டும். நனைந்த உடலோடும் வெறுங்காலோடும் நாம் நிற்கும் இடம் அது என்பதை மறக்கலாகாது. கடையில் கருவி வாங்கிய கையோடு அதைத் தானே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரும் பிழையாகும்.

சூடும் தீயும்

இதுவரை கூறியவை மின்சாரம் தாக்குவதைப் பற்றியவை. இனித் தீயைப் பற்றிக் காண்போம்.

இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நாளடைவில் தளரும். அந்த இடத்தின் மின்தடை 0.1 ஓம் மட்டுமே என்று கொண்டாலும், 13 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 17 வாட் வெப்பம் அங்கே உண்டாகும். கச்சான் பருப்பளவு இடத்தில், மரப்பலகைக்குப் பின்னால், மணிக்கணக்கில் இந்த வெப்பம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய தளர்ந்த இணைப்பைப் பிரேக்கரும் அறியாது, ஆர்.சி.டி.யும் அறியாது.

நீட்டிப்பு சாக்கெட்டில் ஐந்து துளைகள் இருப்பதால் ஐந்து சாதனங்களையும் தாங்கும் என்று பொருளில்லை. எல்லாம் சேர்ந்து 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3,000 வாட்தான். 2,200 வாட் கெட்டில், 700 வாட் ரைஸ் குக்கர், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றும் சேர்ந்தால் 3,900 வாட் ஆகிவிடும். பிளக்கின் பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பதும், 20 ஆம்பியர் பிரேக்கர் விழுகிறதென்று 32 ஆம்பியர் பிரேக்கரை மாற்றுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். கம்பி எரிவதற்கு முன் விழ வேண்டியது பிரேக்கர். அதைப் பெரிதாக்கினால் முதலில் எரிவது கம்பியாகத்தான் இருக்கும்.

வீட்டு விசேஷங்களுக்கும் தீபாவளிக்கும் தற்காலிகமாக இழுக்கும் கம்பிகளிலும் இதே கவனம் தேவை. தமிழ்நாட்டில் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் 2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் மூண்ட தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடியோ எடுப்பதற்கான விளக்கின் மின் இணைப்பிலிருந்து தீப்பொறி எழுந்து ஓலைப் பந்தலில் பற்றியதாகக் கூறப்பட்டது. சில மணி நேரத்திற்கு மட்டும்தானே என்று இழுத்த கம்பிக்கும் தீ வைக்கத் தெரியும். சாமி மேடையின் வண்ண விளக்குகளைத் திரைச்சீலை, காகிதப்பூ ஆகியவற்றின் மேல் படரவிடாதீர்கள்; உறங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

பல்பு மாற்றுவது, பிளக்கின் பியூஸ் மாற்றுவது போன்றவற்றை நாமே செய்யலாம். அப்போதும் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைத்துவிட்டுச் செய்வதே நல்லது. தெரியாதவர்கள் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் பொருத்தியிருந்தால், விளக்கு அணைந்தாலும் அதன் முனையில் மின்சாரம் இருக்கும். நிறத்தையும் முழுமையாக நம்ப இயலாது. சுவரில் ஓடும் நிலையான வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். மும்முனை இணைப்புள்ள கடைவீடுகளில் நீலக் கம்பியும் லைவாக இருக்கக்கூடும். சாதனக் கம்பியின் நீலத்தை நினைத்துக்கொண்டு அதைத் தொடுபவர் கதி என்னாகும்?

புதிய கம்பி இழுப்பது, சாக்கெட் கூட்டுவது, மெயின் பெட்டியில் கை வைப்பது ஆகியவற்றை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரிடமும் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடமுமே ஒப்படைக்க வேண்டும். வயரிங் முடிந்ததும் வேலை நிறைவைக் காட்டும் ஜி படிவத்தையும், சோதனை முடிவைக் காட்டும் எச் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் எதற்கு அண்ணே, விளக்குதான் எரிகிறதே" என்பவரை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதம் ஒருமுறை ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருளே. யாரையாவது மின்சாரம் தாக்கினால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்கி, 999-ஐ அழையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பிளக் சூடாவதையும், குழாயைத் தொட்டால் சுருக்கென்பதையும், பிரேக்கர் விழுவதையும் சிறு தொல்லைகளாக எண்ணிப் பழகிவிடுகிறோம். குறிப்பாக, தனியே வாழும் முதியவர்கள் இவற்றை யாரிடமும் சொல்வதில்லை. செலவாகுமே என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த மலரைப் படிக்கும் இளைஞர்கள் அடுத்த முறை பாட்டி வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ போகும்போது, மெயின் பெட்டியைத் திறந்து ஆர்.சி.டி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் நால்வர் சேர்ந்து சில நூறு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டு ஒரு நல்ல வயர்மேனை அனுப்பி வையுங்கள். பெரியவர்களுக்கு நாம் செய்யும் தொண்டுகளில் இதுவும் ஒன்றாகும்.