இருக்கையும் அலுவலகமும்: இலண்டன் பல்கலைக்கழக நடைமுறையும் தமிழ்க் கல்வியின் தொடர்ச்சியும்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் பற்றிப் பேசுகையில் நாம் பெரும்பாலும் இருக்கைகளைப் பற்றியே பேசுகிறோம். ஹார்வர்ட் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டாலரும், தொறொன்ரோ இருக்கைக்கு 30 இலட்சம் கனடிய டாலரும் இலக்காகக் கொள்ளப்பட்டமையை உலகத் தமிழர் அறிவர். இருக்கை அமைந்தபின் தமிழ் எந்த விதியின்கீழ்ப் பாடமாக நீடிக்கிறது என்ற வினாவோ அரிதாகவே எழுகிறது. அதற்குரிய விடையிற் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் கல்விசார் அலுவலகத்தில் இருக்கிறது. பாடநெறி ஒப்புதல், மாணவர் பதிவு, தேர்வு, பட்டச் சான்று ஆகியவற்றை நடத்தும் அவ்வலுவலகத்தின் பணியை இலண்டனை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முனைகிறது.

இலண்டனைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. 1836இல் அரச பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் வகுப்பறையே இல்லாத பல்கலைக்கழகமாகும். கற்பித்தல் கல்லூரிகளின் வேலை; பல்கலைக்கழகமோ பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிய ஓர் அலுவலகம். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகமும் இம்முன்மாதிரியைப் பின்பற்றியது. யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவர்.

1858ஆம் ஆண்டுப் பட்டயம், கல்லூரியிற் பயிலாதாரும் இலண்டன் தேர்வுகளை எழுத வழிசெய்தது. இலங்கையர் இன்றும் ‘வெளிவாரிப் பட்டம்’ என வழங்கும் முறையின் தோற்றுவாய் இதுவே. 1921இல் தொடங்கப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, தன் மாணவரை இலண்டன் பட்டத்திற்கே ஆயத்தப்படுத்தியது. கொழும்பில் எதைப் பயிலலாம் என்பதை இலண்டன் விதிநூல் தீர்மானித்த காலம் அது. விபுலாநந்த அடிகள் தமிழுக்கு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வையும், அறிவியலுக்கு இலண்டன் பி.எஸ்சி. தேர்வையும் எழுதித் தேறியவர். 1943இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

ஆய்வுப் பட்டங்களிலும் அலுவலகத்தின் கை தெரிகிறது. க. கணபதிப்பிள்ளையின் கல்வெட்டு மொழி ஆய்வும், சு. வித்தியானந்தனின் பத்துப்பாட்டு ஆய்வும், தனிநாயகம் அடிகளின் பண்டைத் தமிழ்க் கல்விச் சிந்தனை பற்றிய ஆய்வும் இலண்டனில் அளிக்கப்பட்டவை. ஜோன் மார் எட்டுத்தொகை பற்றி எழுதிய ஆய்வேடு 1958இல் பட்டம் பெற்றது. நூலாக வெளிவந்தது 1985இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளும் அதனைத் தேடியவர்க்குக் கிடைத்தது தட்டச்சுப் படியே. ஆய்வேட்டின் படியொன்றை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்னும் வறண்ட விதிக்குச் சங்க இலக்கிய ஆய்வு பட்டிருக்கும் கடனை நாம் எங்கும் குறிப்பதில்லை.

இனி இன்றைய நடைமுறை. இங்கிலாந்தில் சிறப்பு இளநிலைப் பட்டம் ஆண்டுக்கு 120 வீதம் 360 மதிப்பலகுகள் கொண்டது. தமிழ் இதற்குள் நுழைய வேண்டுமாயின், பாட அலகு ஒன்றாக எழுதப்பட்டு, அதன் நோக்கம், மதிப்பீட்டு முறை, முன்தகுதி, நூலக வளம் ஆகியவை விளக்கப்பட்டு, உரிய குழுக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். விடைத்தாள்களின் தரத்தை உறுதிசெய்யப் பிற பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புறத்தேர்வாளர் ஒருவர் வேண்டும். பிரெஞ்சு மொழிக்கு இது ஒரு மின்னஞ்சலில் முடியும் காரியம். தமிழுக்கோ தகுதியுடையோர் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. மாணவர் தொகை குறைந்தால் பாட அலகு அவ்வாண்டுக்கு இடைநிறுத்தப்படும். ஆசிரியர் ஓய்வுபெற்று மாற்றாள் அமர்த்தப்படாவிடின் இடைநிறுத்தம் நீக்கமாக மாறும். அறிவிப்போ எதிர்ப்போ இன்றி, குழுக்கூட்டக் குறிப்பின் ஒரு வரியில் இது நிகழ்ந்துவிடக்கூடும். நீக்கப்பட்டதை மீட்கப் புதிய விண்ணப்பம் வேண்டும்.

1947இல் ஸ்கார்பறோ, 1961இல் ஹேற்றர், 1986இல் பார்க்கர் எனப் பிரித்தானிய அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கைகள், ஆசிய மொழிக் கல்வியின் நலிவைத் திரும்பத் திரும்பச் சுட்டின. அரசின் அக்கறை அலைபோல் வந்து வடிவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. எனவே நிதி திரட்டும் தமிழர் அமைப்புகள் நன்கொடைப் பத்திரத்தில் பேராசிரியரின் ஊதியத்தை மட்டும் எழுதுதல் போதாது என்பது என் கருத்து. தொடக்கநிலைத் தமிழ் ஆண்டுதோறும் நடைபெறல், குறைந்தபட்ச மாணவர் தொகையிலிருந்து விலக்கு, பணியிடம் வெறுமையானால் அதனை நிரப்புவதற்குரிய காலவரை ஆகியவற்றையும் கையெழுத்துக்கு முன்னரே பதிவாளருடன் பேசித் தீர்க்க வேண்டும்.

இன்னொன்றும் அவ்வேளையில் பேசப்பட வேண்டும். இலண்டனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுவர், எழுத்தறியார். தாய்மொழியாளரைத் தொடக்கநிலை வகுப்பில் சேர்ப்பதில்லை என்பது மொழித்துறைகளின் பொதுவழக்கு. உயர்நிலை வகுப்பிற்கோ எழுத்தறிவு முன்தகுதி. வெஸ்ட்மினிஸ்ரரில் பிறந்த ஆங்கிலேய மாணவர் தமிழ் பயிலலாம். வெம்பிளியில் பிறந்த தமிழ் மாணவி இரு வகுப்புக்கும் வெளியே நிற்க நேரும். இவர்களுக்கென இடைப்பட்ட பாட அலகு ஒன்றை வகுப்பது எளிது. அதனை எழுதிக் கல்விசார் அலுவலகத்தில் அளிக்கத் துறையில் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்; அவ்வாண்டின் ஒப்புதல் காலம் முடியுமுன் அது அங்குச் சேரவும் வேண்டும்.