புன்னைப் பலகைக்கு என்ன வயசு?

காயலான் கடையில் எடைக்குப் போட்ட இரும்புக்கு நடுவே எப்போதாவது ஒரு எனாமல் தகடு தலைகாட்டும். மேலே தமிழில் ‘புன்னை’, கீழே தாவரவியல் பெயர், குடும்பம். ஏதோ பூங்காவிலோ வனத்துறை நர்சரியிலோ மரத்தடியில் நின்றிருந்த பலகை. கடைக்காரருக்கு அது கிலோக் கணக்கு. விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது ‘னை’ என்ற எழுத்தை.

1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற கொம்போடுதான் எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றுக்கும் தனிச் சுழி இருந்தது. அதனால் புன்னை, பனை, நுணா போன்ற பெயர்கள் தங்கள் வயதைத் தாங்களே சொல்லிவிடும். வேம்பும் புங்கமும் வாயைத் திறக்காது. பழகிய கை சட்டென்று மாறாது என்பதால், ஆணை வந்த பிறகும் சில ஓவியர்கள் பழைய கொம்பையே போட்டிருப்பார்கள். எழுத்தை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

அங்கே தாவரவியல் பெயர் கைகொடுக்கும். இலுப்பைக்கு ‘பாசியா’ என்றிருந்தால் பழைய வழக்கு, ‘மதுகா’ என்றால் பிந்தையது. புங்கத்துக்கு ‘பொங்காமியா கிளாப்ரா’ என்றிருந்தாலும் பழசுதான். மாநிலத்தின் பெயர் ‘மதராஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தையது.

அமெரிக்காவில் வனத்துறையின் மரப்பலகைகளையும், 1944-ல் பிறந்த ‘ஸ்மோக்கி’ கரடியின் காட்டுத்தீ எச்சரிக்கைச் சுவரொட்டிகளையும் தேடிச் சேர்க்கிறார்கள். நம் ஊரில் பழைய சோப்பு விளம்பரத் தகட்டுக்கு இருக்கும் மவுசு மரத்தின் பெயர்ப்பலகைக்கு இல்லை. வடசென்னையில் அதைத் தேடுவதற்கோ நல்ல காரணம் உண்டு. ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். அதே ஆண்டில்தான் ஹ்யூ கிளெக்ஹார்ன் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலரானார். தண்டவாளத்துக்கு அடியில் கட்டை, இன்ஜினுக்கு விறகு என்று ரயில் காட்டைத் தின்ற காலம் அது. மரத்தை விறகாகவும் கட்டையாகவும் கணக்குப் பார்த்த துறைதான் பின்னாளில் மரத்தடியில் பெயர் எழுதி வைத்தது. அந்த மனமாற்றத்துக்குப் பலகைகளும் சாட்சி. 1902-ல் தொடங்கிய கோவை காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனால் மரத்துண்டுகளையே பெயரோடு பார்க்கலாம்.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மகிழ மரத்துக்குப் பலகையே தேவைப்பட்டதில்லை. சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த கதையும், மாசியில் நடக்கும் மகிழடி சேவையும் அதை ஊருக்கே அறிமுகப்படுத்திவிட்டன. எண்ணூர் கழிமுகத்துக் கண்டல் மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு தண்டில் கறுப்பாக அப்பிய பிறகுதான் பலரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றித்தான் அது முதலில் உதிரும். உப்புக்காற்று அங்கே புகுந்தால் துரு உள்ளுக்குள் ஓடும். அமிலம் ஊற்றித் துடைக்காமல் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவதே நல்லது. மரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்க சென்னை மாநகராட்சி இயக்கமே நடத்தியது. அதற்காக, நிற்கிற பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; அது அரசு சொத்து. செல்போனில் எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், மரம் முழுக்கத் தெரியும்படி இன்னொன்று, கூடவே இடமும் தேதியும். சேகரிப்புக்கு அது போதும்.