கண்காணிப்பு விடுதலை இரத்தும் மேல்முறையீடும்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமுறை குறித்த ஒரு விளக்கம்

நிபந்தனையோடு சிறைக்கு வெளியே இருப்பவரைப் ‘பரோலில் உள்ளவர்’ என்று பொதுவாகச் சுட்டிவிடுகிறோம். அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்றவியல் முறைக்கு இச்சொல்லாட்சி பெரிதும் பொருந்தாது. பரோல் என்பது சிறைக்காலம் முடியுமுன் கிடைக்கும் விடுதலை. 1984ஆம் ஆண்டுத் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம், 1987 நவம்பர் 1 முதல் இழைக்கப்பட்ட குற்றங்களுக்கு அதனை நீக்கியது. அதனிடத்தில் வந்த கண்காணிப்பு விடுதலை, சிறைவாசத்திற்குப் பின்னர்த் தொடங்குவது. சிறைக்காலத்தைக் குறைப்பதன்று, அதனோடு கூடுவது.

நிபந்தனை மீறப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டால் நீதிபதி ஒருவரே விசாரித்து முடிவு செய்கிறார், ஜூரி இல்லை. குற்ற வழக்கிற்குரிய ‘ஐயத்திற்கு இடமற்ற’ மெய்ப்பிப்பும் வேண்டப்படுவதில்லை. மீறல் நிகழ்ந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று சான்றுகள் காட்டினால் போதும். இரத்துக்குப் பின் விதிக்கப்படும் சிறை, மூலக் குற்றத்திற்கான தண்டனையின் ஒரு பகுதியே என்பது 2000ஆம் ஆண்டு ஜான்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொண்ட நிலைப்பாடு. எனினும், எழுத்துவழி அறிவிப்பு, எதிர்ச்சான்றுகளை அறிதல், தம் சான்றை முன்வைத்தல், வழக்கறிஞர் உதவி ஆகிய உரிமைகள் உண்டு.

இரத்து ஆணைக்கு எதிரான மேல்முறையீட்டு அறிவிப்பைப் பொதுவாக 14 நாள்களுக்குள் அளித்தல் வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை மீண்டும் விசாரிப்பதில்லை. நீதிபதி தம் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தினாரா, உண்மைகளைக் கண்டறிவதில் வெளிப்படையாகப் பிழைத்தாரா என்பனவற்றையே நோக்குகிறது. ஆகவே, ‘நான் மீறவில்லை’ என்னும் வாதத்தைவிடச் சட்டப்பிழையைச் சுட்டும் வாதமே வலிமை பெறுகிறது.

இதற்கு இரு தீர்ப்புகளைச் சான்றாகக் காட்டலாம். 2019இல் ஹேமண்ட் வழக்கில், நீதிபதியின் முடிவை மட்டுமே கொண்டு குறைந்தது 5 ஆண்டுச் சிறையைக் கட்டாயமாக்கிய பிரிவு, 5-4 என்னும் பெரும்பான்மையில் அரசமைப்புக்கு முரணானதெனக் கொள்ளப்பட்டது. 2025இல் எஸ்டெராஸ் வழக்கில், விடுதலையை இரத்துச் செய்யும் நீதிபதி மூலக் குற்றத்திற்காகப் பதிலுக்குத் தண்டிக்கும் நோக்கைக் கருத்திற் கொள்ளலாகாது என 7-2 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளிக்கப்பட்டது. பழைய தண்டனையின் பகுதி என்பதால் சான்றளவு குறைகிறது. ஆனால் பழைய குற்றத்திற்காக மறுபடியும் ஒறுத்தல் கூடாது. இவ்விரு நெறிகளுக்கும் இடையிலுள்ள இழுபறியே இத்துறையின் மையச் சிக்கல் எனலாம்.

காலமும் முறையீட்டாளருக்கு எதிராக நிற்கக்கூடும். இரத்துக்குப் பின் விதிக்கப்படும் சிறைக்காலம் பல வேளைகளில் குறுகியது. அது முடிந்து, கண்காணிப்பும் எஞ்சாவிடின், தீர்ப்பதற்கு ஏதுமில்லை என முறையீடு தள்ளப்படலாம். பரோல் இரத்து தொடர்பான 1998ஆம் ஆண்டு ஸ்பென்சர் தீர்ப்பு இந்நெறிக்கு அடிப்படையாகும்.

‘இரத்து’ என்னும் சொல் ஓர் உரிமத்தை நீக்குவது போன்ற எளிய செயலை நினைவூட்டுகிறது. இங்கு இரத்தாவது ஒருவரின் சுதந்திரம். இத்துறைச் சொற்களைத் தமிழில் ஆளும்போதும் கற்பிக்கும்போதும் பரோல், கண்காணிப்பு விடுதலை ஆகிய இரண்டையும் வேறுபடுத்துவது நம் கடமையாகும்.