உங்களுக்குத் தெரியுமா? ரொட்டிக் கூலியில் உருவான ஆற்றோரப் பாதை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில், டீம் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சந்தை ஊர் லட்லோ.

● டின்ஹம் பாலத்திலிருந்து லட்ஃபர்ட் பாலம் வரை அக்கரையில் மரநிழலில் செல்லும் நடைபாதை ‘பிரெட் வாக்’. 19ஆம் நூற்றாண்டில் இதை அமைத்தவர்களுக்குக் கூலியாக ரொட்டிதான் கொடுத்தார்களாம். காசு கொடுத்தால் மதுக்கடைக்குப் போய்விடும் என்ற பயம்!

● ஊர்ப்பக்க மேட்டில் நிற்பது 11ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை. பட்டத்து இளவரசர் ஆர்தர் 1502இல், 15 வயதில், இங்கேதான் இறந்தார். அரியணை தம்பி எட்டாம் ஹென்றிக்குப் போனது. அண்ணன் மனைவி கேத்தரினையும் அவரே மணந்தார்.

● லட்ஃபர்ட் பாலத்தருகே பாறை அடுக்கில் சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மீன்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன.