பிள்ளை வீடு திரும்பும் வழி யாருடைய பொறுப்பு?

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியில், இரு பக்கமும் வயல் சூழ்ந்த தாழ்நிலத்தில் இருக்கிறது மாவடிப்பள்ளி. மாரியில் மேற்கே சேரும் வெள்ளம் கடலுக்கு வடிகிற வழி அது. 2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த வீதிக்கு மேலால் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூரில் மத்ரஸா ஒன்றில் ஓதிய சம்மாந்துறைப் பிள்ளைகள் பதினொரு பேர், மழையால் விடுமுறை கிடைத்து வீடு திரும்பும் வழியில், உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி அதைக் கடக்கப் போனார்கள். இயந்திரமும் பெட்டியும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஐந்து பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். ஆறு பேர் வரவில்லை. கூடச் சென்ற பெரியவர்களும் பலியானார்கள். படையினரும் ஊர் இளைஞர்களும் நாட்கணக்கில் வயல்களிலும் பற்றைகளிலும் தேடி ஜனாஸாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

பொலிஸார் மத்ரஸா தரப்பினர் உட்படச் சிலரைக் கைது செய்து நீதிமன்றில் முன்னிலைப்படுத்தினார்கள். யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. இந்தக் கட்டுரை பேச வந்தது வேறொன்றை. பிள்ளை பெற்றோரின் கையிலும் இல்லாமல், வகுப்பறையிலும் இல்லாமல், இடைவழியில் நிற்கும் அந்த நேரத்தில் அதன் உயிருக்கு யார் பொறுப்பு? உலகம் இதற்கு எழுதி வைத்திருக்கும் பதில் என்ன? நாம் அதில் எவ்வளவைச் செய்திருக்கிறோம்?

ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை 1989 நவம்பர் 20ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. இலங்கை 1991 ஜூலையில் அதை உறுதிப்படுத்தியது. இன்று உலகில் அமெரிக்கா தவிர்ந்த எல்லா நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. சிறுவர் உரிமை என்றால் அடிக்காமல் இருப்பது, வேலைக்கு அனுப்பாமல் இருப்பது, படிக்க வைப்பது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆறாம் உறுப்புரை அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பதைச் சொல்கிறது: ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழும் உரிமை இருக்கிறது, அது உயிரோடு வளர்வதை அரசு இயன்ற உச்ச அளவுக்கு உறுதிசெய்ய வேண்டும். மாவடிப்பள்ளிக்கு இன்னும் நெருக்கமானது மூன்றாம் உறுப்புரையின் மூன்றாவது பந்தி. பிள்ளைகளைப் பராமரிக்கும் எந்த நிறுவனமும், உரிய அதிகாரிகள் வகுத்த தரங்களுக்கு, அதிலும் முக்கியமாகப் பாதுகாப்பு, சுகாதாரம், பணியாளரின் தகுதி, மேற்பார்வை ஆகியவற்றில், அமைந்து நடப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அது. அரச பாடசாலை, தனியார் வகுப்பு, சமயக் கல்விக்கூடம் என்ற பாகுபாடு அதில் கிடையாது. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் மேல் தரம் இருக்க வேண்டும். அந்தத் தரத்தை வகுப்பதும் பார்ப்பதும் அரசின் கடமை.

நம்முடைய ஓட்டை இங்கேதான். அரச பாடசாலைக்குக் கல்வி அமைச்சும் வலயக் கல்விப் பணிப்பாளரும் இருக்கிறார்கள். சிறுவர் இல்லங்களை மாகாணத்தின் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பார்க்கிறது. மத்ரஸா முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதியப்படுகிறது. ஆனால் பதிவு வேறு, பாதுகாப்புத் தரம் வேறு. டியூசன் வகுப்புகளைக் கேட்க யாருமே இல்லை என்று சொல்லிவிடலாம். வெள்ளம் வந்தால் பாடசாலைக்கு விடுமுறை என்று அறிவித்தல் வருகிறது. அந்த அறிவித்தல் மற்ற இடங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறது? தங்கிப் படிக்கும் பிள்ளையை அன்று அனுப்ப வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா, எந்த வழியால், யாரோடு? எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது, அந்த நேரத்தில் அங்கே நிற்கும் ஒருவரின் துணிச்சலும் பிள்ளைகளின் வீட்டு ஆசையும் முடிவெடுக்கின்றன.

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் மத்ரஸாக்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் பற்றி நாடு பெரிதாகப் பேசியது. அந்தப் பேச்சு சந்தேகத்தின் மேல் எழுந்தது. ஒரு சமூகம் முழுவதையும் கூண்டில் நிறுத்திக் கேட்ட கேள்விகளுக்கு நடுவே, பிள்ளை எங்கே தூங்குகிறது, எத்தனை பேருக்கு ஓர் உஸ்தாத், காய்ச்சல் வந்தால் யார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார், மாரியில் எப்படி வீட்டுக்குப் போகும் என்ற கேள்விகள் கேட்கப்படவே இல்லை. பாடத்திட்டத்தைத் துருவுவதைவிட இவைதான் அவசரமானவை. பிள்ளைகள் அமானிதம் என்பதை நம் ஊர்களில் எவருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் சட்டத்துக்குக் காத்திராமல் நம் பள்ளிவாசல் நிருவாகங்களும் மத்ரஸா நிருவாகங்களும் தாமாகவே தொடங்கக்கூடிய காரியம் இது.

ஜப்பானில் நடந்த ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 மார்ச் 11ஆம் திகதி பூமியதிர்ச்சிக்குப் பிறகு இஷினோமாகி நகரின் ஒகாவா ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் பாடசாலை முற்றத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பின்னால் மலை இருந்தது. மலைக்கு ஓடுவோம் என்று பிள்ளைகள் சிலர் சொன்னதும் பின்னர் தெரியவந்தது. எங்கே போவது என்று பெரியவர்கள் முடிவெடுக்கத் தடுமாறினார்கள், கடைசியில் ஆற்றங்கரைப் பக்கம் நகர்ந்தார்கள். பாடசாலையின் 108 பிள்ளைகளில் 74 பேரும் பத்து ஆசிரியர்களும் சுனாமியில் போனார்கள். பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2016இல் முதல் தீர்ப்பு, அன்றைய தினம் ஆசிரியர்கள் தவறிவிட்டார்கள் என்றது. 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம் அதைவிட ஆழமாகப் போனது. எங்கே தப்பி ஓடுவது என்று பாடசாலையின் அவசரத் திட்டத்தில் முன்பே எழுதி வைக்காததும், கல்விச் சபை அதைச் சரிபார்க்காமல் விட்டதும்தான் தவறு என்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிலைக்க விட்டது. அந்த ஐம்பது நிமிடத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்திய ஆண்டுகளைப் பார்த்தது அந்த நீதிமன்றம். அனர்த்த நேரத்தில் பதறும் ஆசிரியரிடம் எல்லாப் பாரத்தையும் போட முடியாது, பதறாத நாட்களில் திட்டமிட வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டது.

மாவடிப்பள்ளிக்கும் அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். நவம்பர் 26ஆம் திகதி வந்த வெள்ளம் சொல்லாமல் வந்ததல்ல. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வலுக்கிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அதுதான் பிறகு ஃபெஞ்சல் புயலாகிப் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அடுத்த நாள் தொடக்கம் உயர்தரப் பரீட்சையே நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. மாதக் கணக்கைப் பார்த்தாலும் இது புதிதில்லை. கிழக்கைப் புரட்டிப்போட்ட பெரும் சூறாவளி 1978 நவம்பர் 23இல் வந்தது. 2025இல் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் நவம்பர் இறுதியில்தான். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் மாற்றாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தது 2021 நவம்பர் 23. அங்கே காரணம் புயல் அல்ல. ஆனால் பிள்ளைகள் பாடசாலை போய்வர பாதுகாப்பான வழி இல்லாதபோது கிடைத்ததில் ஏறினார்கள் என்பது கிண்ணியாவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் பொது. மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே மாகாணத்தில் இரண்டு முறை நடந்ததை விதி என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

உழவு இயந்திரத்தின் மேல் நமக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை என்பதையும் பேச வேண்டும். பஸ் போகாத இடத்துக்கு அதுதான் போகும், உண்மை. நோயாளியையும் கர்ப்பிணியையும் வெள்ளத்தில் கரைசேர்த்தது எத்தனையோ முறை அதுதான். ஆனால் வயலில் நிற்கும் நீருக்கும் வீதியைக் குறுக்கறுத்து ஓடும் நீருக்கும் பெரும் வித்தியாசம் உண்டு. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் அரையடி நீர் ஒரு பெரிய ஆளை விழுத்தும். ஓரடி நீர் சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். இயந்திரம் பாரமானது, அதன் பின்னால் கொழுவியிருக்கும் பெட்டி அப்படியில்லை. பக்கவாட்டில் அகன்ற அதன் பலகை நீரின் முழு அடியையும் வாங்கும். கலங்கிய நீரில் வீதியின் ஓரம் தெரியாது, ஒரு சில்லு ஓரத்தைத் தாண்டினால் பெட்டி இயந்திரத்தையும் இழுக்கும். நின்றுகொண்டு போகும் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நீந்தத் தெரிந்த பிள்ளையும் அந்த ஓட்டத்தில், சேற்றிலும் முள்ளிலும் மாட்டினால், தப்புவது கடினம்.

உலக சுகாதார அமைப்பின் கணக்கில், 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளின் மரணத்துக்கான முதல் சில காரணங்களில் இது ஒன்று. பெரும்பாலும் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடப்பதால் உலகம் இதைக் குறைவாகவே பேசுகிறது. யுனிசெஃப் கணக்குப்படி 2024இல் வெப்பம், வெள்ளம், புயல் காரணமாகக் கல்வி தடைப்பட்ட மாணவர்கள் 24 கோடிக்கு மேல். வானிலை மாறுகிறது என்ற பேச்சு பிள்ளைகளிடம் வந்து சேரும்போது இப்படித்தான் சேர்கிறது: பாடசாலை மூடுகிறது, பிள்ளை வீதிக்கு வருகிறது.

இந்த இடத்தில்தான் நாம் நினைப்பதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விடுமுறை விடுவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். வெள்ளம் ஏறுவதற்கு முன் விட்டால் அது பாதுகாப்பு. வெள்ளம் ஏறிய பிறகு விட்டால், மாடிக் கட்டடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கக்கூடிய பிள்ளையை நாமே ஓடும் நீருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். எச்சரிக்கை வந்த அன்றே அனுப்ப வேண்டும். அந்த நேரம் தவறினால் அரிசியும் பருப்பும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை அங்கேயே வைத்திருக்க வேண்டும். உம்மா எத்தனை முறை தொலைபேசியில் அழுதாலும் வழி திறக்கும் வரை அனுப்பக் கூடாது. பெற்றோரும் அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

சமவாயத்தின் பன்னிரண்டாம் உறுப்புரை, தன்னைப் பற்றிய விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அதற்கு வயதுக்கேற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒகாவாவின் பிள்ளைகள் மலையைக் காட்டினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பெரியவர் சொல் தட்டாதே என்றே பழக்கியிருக்கிறோம். ஓடும் நீரைக் கண்டால் ‘ஏறமாட்டேன்’ என்று உஸ்தாதிடமும் சாரதியிடமும் வாப்பாவிடமும் சொல்லலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது என்றும் பழக்க வேண்டும். பங்களாதேஷ் கிராமங்களில் பிள்ளைகளுக்குக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சலும், நீரில் விழுந்தவரைத் தாம் குதிக்காமல் காப்பாற்றும் முறையும் கற்றுக்கொடுத்து மரணங்களைக் குறைத்தார்கள். கடலும் குளமும் ஆறும் சூழ்ந்த நம் கரையில் அப்படியொரு பாடம் இல்லாதது பெரிய குறை.

அரசு செய்ய வேண்டியவற்றை அரசுதான் செய்ய வேண்டும். வழமையாக நீர் ஏறும் வீதிகளில் ஆழம் காட்டும் கம்பங்களும் ஓரம் காட்டும் தூண்களும் தடுப்புக் கட்டையும் வேண்டும். எந்த மட்டத்துக்கு மேல் வீதி மூடப்படும், மூடும் அதிகாரம் யாருக்கு என்பது மாரிக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், 2004 சுனாமியின் பின் பிறந்தது. அந்தச் சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், கொடுத்த மாவட்டம் அம்பாறை. கல்முனை வைத்தியசாலையில் அப்போது ஒப்படைக்கப்பட்ட ஒரு கைக்குழந்தைக்குப் பலர் உரிமை கோருகிறார்கள் என்று உலகமே பேசியபோது, நீதிமன்றம் அவசரப்படாமல் மரபணுப் பரிசோதனை செய்வித்து 2005 பெப்ரவரியில் உரிய பெற்றோரிடம் ஒப்படைத்தது. ஒரு பிள்ளையின் நலனுக்காக நிதானமாகவும் முறையாகவும் நடக்க நம் நிறுவனங்களால் முடியும் என்பதற்கு இந்தக் கரையே சாட்சி.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் திகதி பாடசாலைத் தீயில் 94 பிள்ளைகள் கருகிய பிறகுதான் தமிழ்நாடு பள்ளிகளின் ஓலைக் கூரைகளை அகற்றியது. 2012இல் சென்னையில் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அங்கே விதியாவது வந்தது. இங்கே ஆறு பிள்ளைகளுக்குப் பிறகு வந்த விதி எது?

மாரி ஐப்பசியில் தொடங்குகிறது. அதற்கு முன் உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலைக்கோ மத்ரஸாவுக்கோ டியூசன் வகுப்புக்கோ ஒருமுறை போங்கள். வெள்ளம் வந்தால் என் பிள்ளையை அனுப்புவீர்களா, வைத்திருப்பீர்களா, முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளைகளுக்கும் இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யக் கொடுங்கள்.